கை படாத பரீட்சை

"உங்க சைஸ் கையுறை தீந்துபோச்சு சார்" என்று தியேட்டர் சிஸ்டர் கூசாமல் பொய் சொன்னாள்.

பெரிய டாக்டர் தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். ஆபரேஷன் அறையில் கையுறை இல்லாத கை எதற்கும் ஆகாது.

பொய் சொல்லச் சொன்னது பயிற்சி டாக்டர். அன்று அவளுக்குப் பரீட்சை. ஒரு குடலிறக்க ஆபரேஷனை முதல் கீறலிலிருந்து கடைசித் தையல் வரை அவளே செய்ய வேண்டும். பெரிய டாக்டர் நின்று பார்த்து மார்க் போடுவார். நடுவில் அவர் கை வைக்க நேர்ந்தால் அவள் தேறவில்லை என்று அர்த்தம்.

ஏற்கெனவே இரண்டு முறை தேறவில்லை. இரண்டு முறையும் எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. அவர் கைதான் சும்மா இருக்கவில்லை. "இங்க குடும்மா, ஒரே ஒரு முடிச்சு" என்று வாங்கிக்கொண்டார். பிறகு, "நான் கை வைக்கும்படி ஆயிடுச்சே" என்று வருத்தப்பட்டுக்கொண்டே ஃபெயில் போட்டார். இந்த முறையும் போனால் இன்னொரு வருடம். "விடு, பாத்துக்கலாம்" என்று ஆறுதல் சொன்ன பாவத்துக்குக் கணவனோடு ஒரு வாரமாக அவளுக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

நோயாளியைக் கொண்டுவந்து படுக்கவைத்தார்கள். பஸ் டிரைவர். முந்தின நாள் வார்டில் அவரைப் பரிசோதித்து, தைரியம் சொன்னதெல்லாம் அவள்தான். முதுகில் ஊசி போட்டதில் இடுப்புக்குக் கீழே மரத்துப்போயிருந்தது. ஆள் முழித்துக்கொண்டுதான் இருந்தார். மார்புக்கு மேலே பச்சைத் துணியைத் திரைபோலக் கட்டியிருந்ததால் எதுவும் தெரியாது. காது மட்டும் கேட்கும்.

அவள் கத்தியைக் கையில் எடுத்தாள்.

கை இல்லாவிட்டால் என்ன, பெரிய டாக்டருக்கு வாய் இருந்தது.

"இன்னும் கொஞ்சம் இடது பக்கம்."

"இது இடதுதான்."

"இல்ல, என் இடது."

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, மூலையிலிருந்த ஸ்டூலைக் காட்டி, "உக்காந்து பாருங்க சார், கால் வலிக்கும்" என்றாள். உட்கார்ந்தார். அந்த ஸ்டூலுக்குச் சக்கரம் இருந்தது. அங்குலம் அங்குலமாக உருண்டு மேசையடிக்கே வந்துவிட்டார். வந்தபோது ரத்தம் உறிஞ்சும் மெஷினின் குழாயை அவர் கால் பிடுங்கிப் போட்டது.

"யார் பிடுங்கினது?"

"ஸ்டூலும்மா."

சரிசெய்யும் அவசரத்தில் அவர் எழுந்தார். மேலே தொங்கிய பெரிய விளக்கில் தலை மோதியது. விளக்கு திரும்பிக்கொண்டு சுவருக்கு வெளிச்சம் அடித்தது. டிரைவரின் வயிறு இருட்டில் கிடந்தது.

'சார்' என்ற சொல் அவள் வாயிலிருந்து உதிர்ந்துபோனது அந்த இருட்டில்தான்.

"எத்தனை வாட்டி சொல்றது? தொடாதீங்கன்னா தொடாதீங்க. மனுஷன் வயித்தைத் திறந்து வெச்சிருக்கேன், உங்களுக்கு விளையாட்டா இருக்கா?"

"இல்லம்மா, நான் சரி பண்ணலாம்னு..."

"நீங்க சரி பண்ணினது போதும். போய் அந்தச் சுவரோரமா நில்லுங்க. கையைக் கட்டிக்குங்க. வாயையும்தான்."

அந்தச் சுவரோரம் பெரிய டாக்டர் நிற்கவைத்த பயிற்சி டாக்டர்கள் எத்தனையோ பேர். தானே போய் நிற்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. "சரிம்மா" என்று போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

சிஸ்டர் விளக்கைத் திருப்பினாள், குழாயை மாட்டினாள். பயிற்சி டாக்டர் தைத்தாள். இருந்த கோபமெல்லாம் விரலுக்கு இறங்கி, தையல் ஒன்றுகூடக் கோணாமல் விழுந்தது. கடைசித் தையலை முடித்துக் கத்தரித்த பிறகுதான் யாரிடம் என்ன பேசினோம் என்பது உறைத்தது. அப்போதும் கோபம் முழுசாக இறங்கவில்லை.

பெரிய டாக்டர் வந்தார். தையலை வெகுநேரம் குனிந்து பார்த்தார். முகம் சிவந்திருந்தது. துணிக்கு அந்தப் பக்கம் கேட்காதபடி அவள் காதோடு சொன்னார்.

"கை தேறிடுச்சு. நான் எதையும் தொடல. ஆனா நாக்கு இருக்கே... டாக்டர் நடந்துக்கிட்ட விதத்துக்கும் மார்க் உண்டு. நோயாளி முழிச்சிருந்தா அதை அவர்தான் சொல்லணும். அவர் சரியில்லன்னு சொல்லிட்டா, இன்னொரு வருஷம்தான்."

"கேளுங்க. நான் பேசினதுல ஒரு வார்த்தையும் மாத்திக்க மாட்டேன்."

அவர் பச்சைத் துணியை விலக்கினார். "இங்க இன்னிக்குப் பரீட்சை. நடந்ததெல்லாம் கேட்டுட்டுத்தானே இருந்தீங்க? மனசுல பட்டதைச் சொல்லுங்க."

டிரைவர் அவருடைய நரைத்த புருவத்தையும் சிவந்த கண்ணையும் சற்று நேரம் பார்த்தார். பிறகு பயிற்சி டாக்டர் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க கண்டிச்சதுல தப்பே இல்லம்மா, ஆனா பெரியவர் பாவம், இந்த வயசுல படிக்க வந்திருக்காரு, இந்த ஒரு வாட்டி அவருக்குப் பாஸ் போட்டு விட்டுடுங்க."