மூன்றாம் அறை நோயாளி

ஐந்து நிமிடமாகியும் எதிரே இருந்த மீசைக்காரர் வாயைத் திறக்கவில்லை. மடியில் ஒரு பையைக் கட்டிப்பிடித்தபடி அவளையே பரிவோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

பேச்சுப் பயிற்சிப் படிப்பின் கடைசிச் செய்முறைத் தேர்வு அது, வேறொரு கல்லூரியில். பக்கவாதத்தில் பேச்சிழந்தவராக நடிக்க ஓர் ஆளை வைத்திருப்பார்கள். அவரை ஒரு வாக்கியமாவது பேச வைக்க வேண்டும்; தேர்வாளர்கள் மறைவிலிருந்து கவனிப்பார்கள். இரண்டு முறை கோட்டை விட்டவள் அவள். நோயாளியை முந்திக்கொண்டு இவளே பொரிந்து தள்ளிவிடுவாள். வகுப்பில் பெயரே சரவெடி. இந்த முறையும் போனால் பட்டம் அவ்வளவுதான். அப்பாவோ பெயர்ப்பலகைக்கு வாசலில் ஆணியே அடித்துவிட்டார்.

வாசல் உதவியாளர், "மூணாம் ரூம்ல போய் உட்காரும்மா" என்றதும் உள்ளே வந்து, கண்ணும் கருத்துமாக ஆரம்பித்துவிட்டாள்.

"உங்க... பேரு... என்ன?"

மீசை மலர்ந்தது. "உங்க... பேரு... என்ன?"

கேட்டதையே திருப்பிச் சொல்கிறார்! என்னமாய் நடிக்கிறார் மனிதர்! குறித்துக்கொண்டாள்.

நாய்ப் படத்தைக் காட்டினாள். அவர் பையைத் துழாவி ஒரு பூனைப் படத்தை நீட்டினார். சரி, அவர் போக்கிலேயே போவோம் என்று, "பூனை" என்றாள்.

"சபாஷ்!" என்று கை தட்டினார்.

'காரணமின்றிக் கைதட்டல்' என்று எழுதினாள்.

"நாக்கை இப்படி நீட்டுங்க" என்று நீட்டிக் காட்டினாள். அவரும் நீட்டினார். யார் முதலில் உள்ளே இழுப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

பேச்சு வராவிட்டாலும் பாட்டு வருமே என்று பாடினாள். அவர் மேசையில் தாளம் போட்டு, அவளைவிட உரக்கப் பாடினார்.

சரவெடி வெடித்தது.

"சார், ரெண்டு தடவை ஃபெயில் சார்! அப்பா ஆணி அடிச்சு வெச்சிருக்காரு! தயவுசெஞ்சு ஒரு வார்த்தை பேசுங்க சார்!"

அவர் துள்ளி எழுந்தார். "பேசிட்டாங்க! முழுசாப் பேசிட்டாங்க!"

"பேசிட்டாரு! ஐயோ, பேசிட்டாரு!" என்று அவளும் குதித்தாள். இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றியும் விட்டார்கள்.

கதவைத் திறந்து உதவியாளர் எட்டிப் பார்த்தார்.

"ஸ்டூடண்ட்ஸ் ரெண்டு பேரும் மன்னிக்கணும், நோயாளியா நடிக்கிறவரு இப்பத்தான் பஸ்ஸை விட்டு இறங்கினாரு. பரீட்சைக்கு முதல்ல யாரு வர்றீங்க?"