இடப்பக்கமே திரும்பிய படகு

கோவிந்தராஜன் மிதித்த மிதிக்குப் படகு இந்நேரம் அக்கரையில் இருந்திருக்க வேண்டும். அது மூன்றாவது முறையாகப் புறப்பட்ட இடத்துக்கே வந்து மூக்கை முட்டி நின்றது.

"வேணும்னே சுத்துறீங்களா?" என்று கரையிலிருந்து கேட்டாள் அவர் மனைவி சரளா.

"நேராத்தான்டி மிதிக்கிறேன். இது இடது பக்கமே இழுக்குது."

மிதிபடகில் மர்மத்துக்கு அதிகம் இடமில்லை. அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு மிதவைகள், மேலே அருகருகே இரண்டு இருக்கைகள். மிதித்தால் நடுவிலுள்ள துடுப்புச் சக்கரம் சுழலும். இடது இருக்கையின் ஓரமாக ஒரு கைப்பிடி. அதைத் திருப்பினால் பின்னாலுள்ள சுக்கான் திரும்பும். அவ்வளவுதான். கோவிந்தராஜன் கைப்பிடியை முழுக்க வலப்பக்கம் ஒடித்துப் பார்த்தார். படகு கொஞ்சம் யோசித்துவிட்டு மறுபடி இடப்பக்கம் போயிற்று. வாங்கிய நாளில் தயாரித்தவர்களின் ஆட்கள் ஓட்டிக் காட்டியபோது கோடு போட்டதுபோல் போன படகு அது.

விருப்ப ஓய்வு கொடுத்துத் தொழிற்சாலை அனுப்பிவைத்த ஐம்பத்திரண்டு வயதுக்காரருக்கு, தொம்மலூரைத் தாண்டிய ஒரு பூங்காவின் ஏரியில் படகு விட உரிமம் கிடைத்திருந்தது. கையில் வந்த தொகையெல்லாம் இந்தப் படகாகிவிட்டது. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா.

"ஏன்ரீ கோவிந்தராஜ், சண்டே பெரிய மனுஷங்க வர்றாங்க" என்று கன்னடம் கலந்த தமிழில் சொன்னார் பூங்கா செயலாளர் கிருஷ்ணப்பா. "இதுல உக்காந்தா அவங்களுக்குத் தலை சுத்திடும். ஆகல்லன்னா இப்பவே சொல்லிடுங்க. வேற பார்ட்டி ரெடியா இருக்கான்."

அன்றே அல்சூரிலிருந்து ஒரு மெக்கானிக் வந்து சுக்கானைத் தட்டி நிமிர்த்தினார். முன்பு ஏரி அளவுக்குச் சுற்றிய படகு இப்போது கிணறு அளவுக்குச் சுற்றியது. படகு செய்த கம்பெனிக்குப் போன் செய்தால், முதலாளி வெளியூர் என்றே அடுத்த மூன்று நாளும் பதில் வந்தது.

கோவிந்தராஜன் ஆஸ்டின் டவுனுக்குப் போய் வக்கீல் டென்சிலைப் பார்த்தார்.

"வேணாம்னு திருப்பிடலாம் மேன், சட்டம் இருக்கு" என்றார் டென்சில், ஒரு முட்டை பஃப்ஸைப் பிரித்தபடி. "ஆனா வாங்கினவன் ஓனர் மாதிரி ஏதாவது பண்ணிட்டான்னா, ஏத்துக்கிட்டான்னு அர்த்தம். இந்த பஃப்ஸையே பாருங்க. ஒரு கடி கடிச்சா டெஸ்டிங். முழுசா தின்னுட்டு ஊசிப்போச்சுன்னு சொன்னா பேக்கரிக்காரன் சிரிப்பான்." விளக்கம் முடிவதற்குள் பஃப்ஸும் முடிந்துவிட்டது. "ரிப்பேர் ஒண்ணும் பண்ணலியே?"

"சுக்கானைக் கொஞ்சம் நிமித்தினோம்."

"போச்சு! பழையபடி கோணலாக்குங்க. பேர் கீர் எழுதினீங்களா?"

"சரளான்னு."

"அழிங்க. பூஜை போட்டீங்களா?"

"தேங்கா ஒடைச்சு, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வெச்சு... எங்க வழக்கம் சார் அது."

டென்சில் கண்களை மூடிக்கொண்டார். "அடுத்தவன் படகுக்கு எவன் மேன் பூஜை போடுவான்? போட்டோ எடுத்தீங்களா?"

"எடுத்தோம். சரளா கற்பூரம் காட்டுறா."

"அது பீரோவை விட்டு வெளிய வரக்கூடாது." பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். "இன்னொண்ணு. கோளாறே இல்லாத பொருளை வேணாம்னு தள்ளினா, தப்பு உங்க மேல திரும்பிடும். ஒப்பந்தத்தை முறிச்சது நீங்கன்னு ஆயிடும். ஆனா உங்க போட்டு சுத்துறதைத்தான் ஊரே பாக்குதே. தினம் டெஸ்ட் பண்ணி எழுதி வைங்க. தனியாப் பண்ணுங்க. ஆள் ஏத்தினா வியாபாரம்."

சுக்கானை மறுபடி வளைக்கச் சொன்னதும் மெக்கானிக் கும்பிடு போட்டார். "சரி பண்ணதைக் கெடுக்கச் சொல்ற மொத ஆளு நீங்கதான் சார்."

பெயரை அழிக்க கோவிந்தராஜன் டர்பன்டைனும் கந்தல் துணியுமாகக் குந்தினார். சரளா பக்கத்திலேயே நின்றாள்.

"கல்யாணம் ஆகி இருபத்தாறு வருஷத்துல எம் பேரு எழுதுன ஒரே பொருள் இது" என்றாள். "வீட்டு வரி ரசீது, சிலிண்டர் புக்கு எல்லாம் உங்க பேரு."

"கேஸ் முடியட்டும். பெரிசா எழுதறேன்."

படகு கோளாறு, வேண்டாம் என்று பதிவுத் தபால் போனது. பிறகு நாள்தோறும் காலை ஏழு மணிக்கு அவர் ஒற்றை ஆளாக ஏறி, கைப்பிடியைப் பிடித்து, தம் தொண்ணூறு கிலோவையும் சேர்த்து மிதித்தார். இறங்கி வந்து நோட்டுப் புத்தகத்தில் எழுதினார்: 'இடப்பக்கம். நான்கு சுற்று.' நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நின்று எண்ணி, அவருக்குச் சரிபார்த்தும் கொடுத்தார்கள்.

வியாழக்கிழமை சரளா செருப்பைக் கழற்றிவிட்டுப் படகில் ஒரு காலை வைத்தாள். "ஒரே ஒரு ரவுண்டு, நானும் வர்றேனே."

"ஏறாதே! நீ ஏறுனா பாசஞ்சர். பாசஞ்சர் ஏறுனா நான் தொழில் நடத்துனதா ஆயிடும்."

"நான் பொண்டாட்டிங்க."

"கோர்ட்டுல அதெல்லாம் பாக்க மாட்டாங்க."

அவள் காலை எடுத்துக்கொண்டாள். ஈரப் பாதத்தைப் புடவை ஓரத்தில் துடைத்துவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கிருஷ்ணப்பா ஏரியை வேறு பார்ட்டிக்கு மாற்றி எழுதினார். "பேஜார் பண்ணிக்காதீங்க ரீ" என்று தோளைத் தட்டிவிட்டுப் போனார். இனி கோவிந்தராஜனுக்கு மிச்சமிருந்தது படகுக்குக் கொடுத்த பணம் மட்டும்தான்.

சனிக்கிழமை கம்பெனியிலிருந்து லாரி வந்தது. அக்கரை கேட்டில்தான் லாரி நுழைய முடியும். சுமை இறக்கும் மஞ்சுநாத்தும் இன்னொருவரும் ஏரியைச் சுற்றி நடந்து வந்து ஒரு கடிதம் நீட்டினார்கள். 'படகைச் சோதிப்போம். கோளாறு இருந்தால் முழுப் பணமும் திரும்ப வரும். இல்லாவிட்டால் ஒப்பந்தத்தை முறித்தவர் நீங்கள். பணம் திரும்ப வராது.'

டெலிபோன் பூத்திலிருந்து படித்துக் காட்டியதும் டென்சில் கத்தினார். "ஜெயிச்சோம் மேன்! அது சுத்துறதைப் பாத்தா அவனுக்கே மயக்கம் வரும். போடுங்க கையெழுத்து!"

போட்டார்.

மஞ்சுநாத் கயிற்றை அவிழ்த்தார்.

"பாத்து மிதிங்கப்பா" என்றார் கோவிந்தராஜன். "அக்கரை போக மாட்டீங்க. இங்கயேதான் திரும்பி வருவீங்க."

இருவரும் ஏறி உட்கார்ந்தார்கள். பீடி பற்ற வைத்தார்கள். மிதித்தார்கள். படகு கைப்பிடியைத் தொடாமலே, அளந்து இழுத்த நூல்போல ஏரியின் நடுவில் போய், அக்கரையில் லாரிக்கு நேராக நின்றது.

கோவிந்தராஜன் ஏரியைச் சுற்றி ஓடினார். அவர் மூச்சிரைக்கப் போய்ச் சேர்ந்தபோது படகைப் பாதி ஏற்றியிருந்தார்கள்.

"என்னப்பா பண்ணே? எதைத் திருகினே? எப்படி நேரா வந்துச்சு?"

மஞ்சுநாத்துக்குக் கேள்வியே புரியவில்லை. பின்னால் மெல்ல நடந்து வந்துகொண்டிருந்த சரளாவை ஒரு முறை பார்த்தார், பிறகு இவரைப் பார்த்தார்.

"ஒண்ணும் பண்ணல சார். ஒத்த ஆளு உக்காந்தா அந்தப் பக்கம் அமுங்கி அப்படியேதான் திரும்பும். பக்கத்து சீட்ல இன்னொரு ஆள உக்கார வெச்சா நேராப் போவும்."