குண்டு வர மாட்டேன் என்கிறது

அன்பு மகளுக்கு அப்பா எழுதிக்கொள்வது.

இங்கே நானும் அம்மாவும் பூனையும் சுகம். இந்த மூன்றில் நீ எதை முதலில் விசாரிப்பாய் என்று எல்லோருக்கும் தெரியும் என்பதால், வரிசையை மாற்றிப் படித்துக்கொள்ள உனக்கு அனுமதி உண்டு. உன் உடம்பும் உத்தியோகமும் புது வீடும் நல்லபடியாக இருக்க வேண்டும்.

நிற்க. வீட்டுக்காரர் பூனை வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார், அடுத்த வாரம் சித்தப்பா அந்தப் பக்கம் வண்டி எடுத்து வரும்போது குண்டுவைக் கூடையில் வைத்து அனுப்புங்கள் என்று நேற்று போனில் சொன்னாய். நானும் சரிம்மா என்றேன். அது வாய் சொன்னது. போனில் எனக்கு யோசனை ஓடாது. ஓட ஆரம்பிக்கிற சமயத்தில் அம்மா போனைப் பிடுங்கிவிடுவாள். ஆகவே எழுத்தில் வைக்கிறேன்: குண்டு அங்கே வர மாட்டேன் என்கிறது.

யார் சொன்னது என்று கேட்பாய். குண்டுதான் சொன்னது. சிரிக்காதே. நீ வேலைக்குப் போன புதிதில் எனக்கு அதன் பேச்சு ஒன்றும் புரியாது என்பது உண்மை. ஒருநாள் வாலைக் கொடிக்கம்பம் மாதிரி நட்டுக்கொண்டு நேராக என்னை நோக்கி வந்தது. நான் சண்டைக்குத்தான் வருகிறது என்று நாற்காலிமேல் ஏறி நின்றுகொண்டேன். அம்மா வந்து பார்த்து, "ஏங்க, அது உங்களுக்கு வணக்கம் வைக்குது. அதை எதுக்கு மேடையேறி வாங்கிக்கிறீங்க?" என்றாள். சரி, வால் என்றால் அன்பு என்று எடுத்துக்கொண்டு, அடுத்த நாள் அது வாலைப் பட்பட்டென்று தரையில் அடித்தபோது ஆசையாகத் தடவிக் கொடுத்தேன். அதற்கு அர்த்தம் "கையை எடு" என்பதாம். நான் கையை எடுப்பதற்குள் அது நகத்தை எடுத்துக் காட்டிவிட்டது; மருந்து போட்டோம்.

பிறகு, பூனை நம்மைப் பார்த்து மெதுவாகக் கண்ணை மூடித் திறந்தால் உன்னை நம்புகிறேன் என்று பொருள், நாமும் அப்படியே செய்ய வேண்டும் என்று நீ சொன்னாய் அல்லவா, அதை நான் சிரத்தையாகப் பழகினேன், பழகினது கடைக்கும் கூடவே வந்துவிட்டது. மூக்குக் கண்ணாடிக் கடையில் பிரேம் மாட்டிவிடுகிறவன் யார் முகத்தில்தான் முழிக்காமல் இருக்க முடியும்? ஒரு அம்மாளுக்குப் புதுக் கண்ணாடியை மாட்டி, "காதுல அழுத்துதாம்மா?" என்று குனிந்து கேட்டவன், என்னையறியாமல் மெதுவாகக் கண்ணை மூடித் திறந்திருக்கிறேன். அந்த அம்மாள் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நேரே முதலாளியிடம் போய்விட்டார். "என்னய்யா, இந்த வயசுல கண்ணடிக்கிறியாமே?" "கண்ணடிக்கிறதுன்னா ஒரு கண்ணு முதலாளி. நான் ரெண்டையும்தான் மூடினேன்." "ரெண்டையும் மூடினா அது தூக்கம். எதுக்குத் திட்டணும்னு நீயே சொல்லு." நான் தூக்கத்துக்கே வாங்கிக்கொண்டேன்.

ஷூவுக்குள் செத்த கரப்பான் கிடந்த கதை உனக்குத் தெரியும். இத்தனை வருஷம் சம்பாதித்துப் போட்ட மனுஷனைப் பார்த்து, பாவம் இவனுக்கு வேட்டை தெரியாது என்று அது இரக்கப்பட்டுக் கொண்டுவந்து வைத்ததாம். வளர்ந்த பூனைகள் ஒன்றோடொன்று அதிகம் மியாவ் சொல்வதில்லை, அது மனுஷனுக்கென்றே வைத்திருக்கிற பேச்சு என்று நீதான் சொன்னாய். அதைக் கேட்டதிலிருந்து பதில் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று நானும் திருப்பிச் சொல்ல ஆரம்பித்தேன். மாடிவீட்டுக்காரர் இறங்கி வந்து, "உங்க பூனைக்கு உடம்பு சரியில்லையா? குரல் கரகரன்னு இருக்கே" என்றார். "ஆமாங்க, சளி" என்றேன். வேறென்ன சொல்ல?

இவ்வளவு அடிபட்டுக் கற்றவன் சொல்கிறேன், நம்பு. "அக்கா வீட்டுக்குப் போறியா?" என்று குண்டுவிடம் கேட்டேன். காதைப் பின்னால் மடித்துக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டது. கூடையை எடுத்து வைத்தேன்; அலமாரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. ஊசி போட டாக்டரிடம் கொண்டுபோனதும் அதே கூடைதான் என்று அம்மா குறுக்கே பேசினாள். அவளுக்குப் பூனை பாஷை அவ்வளவாகப் போதாது.

இன்னொன்றும் குண்டு சொல்லச் சொன்னது. நீ போன் செய்தால் அம்மாவிடம் சமையல், துணிமணி, ஆபீஸ், தலைவலி எல்லாம் பேசுகிறாய். அப்புறம் "அப்பாகிட்ட குடும்மா" என்பாய். "சாப்டீங்களாப்பா?" "சாப்டேம்மா." "உடம்பு?" "இருக்கு." அதற்குமேல் கிணற்றில் போட்ட கல்தான், இரண்டு பக்கமும் சத்தம் இருக்காது. முன்பெல்லாம் அதோடு வைத்துவிடுவாய். இப்போது "குண்டு என்ன பண்ணுது?" என்கிறாய், என் வாயும் திறந்துகொள்கிறது, நாற்காலியையும் கரப்பானையும் சொல்கிறேன், நீ மூச்சு முட்டச் சிரிக்கிறாய். சின்ன வயதில் தோளில் தூக்கிக்கொண்டு ஓடினால் சிரிப்பாயே, அதே சிரிப்பு. அது போகாமலிருக்கத்தான் வேலை விட்டு வந்ததும் பூனை பின்னாலேயே சுற்றுகிறேன். அது நாள் முழுக்கத் தூங்கிவிட்டால், உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லையே என்று எழுப்பிக்கூட விடுகிறேன். பூனையும் அங்கே வந்துவிட்டால் போனில் நீ அப்பாவிடம் என்ன கேட்பாய் என்று குண்டுவுக்குக் கவலை. எனக்கில்லை. அதன் கவலையைத்தான் எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு. ஈரத் தலையோடு வெளியே போகாதே. எல்லா நன்மையும் உன்னைத் தேடி வர என் ஆசியும் அம்மாவின் ஆசியும். குண்டு காலை நீட்டித் தூங்குவதால் அதன் ஆசி எழுந்த பிறகு.

இப்படிக்கு,
உன் அன்புள்ள அப்பா

பி.கு.: உறையை ஒட்டப் போகும்போது உன் போன் வந்தது. எப்போதும் காதில் வைத்தே பேசுகிற அம்மா, கை ஈரமாக இருந்ததால் இன்றைக்கு ஸ்பீக்கரில் போட்டு மேஜைமேல் வைத்தாள். "அம்மா" என்று நீ கூப்பிட்டதும் என் மடியிலிருந்த குண்டு பாய்ந்தது. போனை முகர்ந்தது. பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தது. காலால் தட்டிப் பார்த்தது. உன் அறைக்கு ஓடிப்போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து, போன் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குரல் கொடுத்தது. அது சோற்றுக்குக் கேட்கிற குரல் இல்லை, கதவுக்குக் கேட்கிற குரலும் இல்லை. இத்தனை நாளில் எங்களிடம் அது அப்படிப் பேசியதே இல்லை. அர்த்தம் யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. "என்னப்பா சத்தம்?" என்று கேட்டாய். "ஒண்ணுமில்லம்மா, கதவைத் திறக்கச் சொல்லுது" என்றேன். தப்பாகச் சொல்லிவிட்டேன். மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள். கூடை வேண்டாம், சித்தப்பா வண்டியில் நானும் ஏறிக்கொண்டு மடியில் வைத்தே கொண்டுவருகிறேன். ஒரு ராத்திரி படுக்க மூலையில் இடம் கொடு, மறுநாள் திரும்பிவிடுகிறேன். அதற்கப்புறம் போன் செய்யும்போது என் முழங்காலைப் பற்றிக் கேளம்மா. அதுவும் விதவிதமாகச் சத்தம் போடுகிறது. நீ சிரிக்கிற மாதிரியே சொல்கிறேன்.