விபூதி படிந்த கீபோர்டு

ஆயுத பூஜை இல்லாத நாளிலும் கீபோர்டுக்கு விபூதி பூசிய ஒரே புரோகிராமர், இந்த உலகத்திலேயே எங்கள் பிணைப்புக்காரர்தான்.

பிள்ளையார்பாளையத்தில் பட்டுச் சேலைக்கு டிசைன் போட்டுத் தரும் சின்ன ஆபீஸ் எங்களுடையது. நான் மேனேஜர். கம்ப்யூட்டர் படிப்பதற்கு முன் அவர் பார்த்த தொழில் பாவு பிணைப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்வரிசையான பழைய பாவு தீரும்போது, அதன் ஒவ்வோர் இழையையும் புதுப் பாவின் இழையோடு விரலால் முறுக்கிச் சேர்க்க வேண்டும். விரல் வழுக்காமலிருக்கச் சாம்பல் தொட்டுக்கொள்வார்கள். தொழில் மாறியும் இவர் மேஜையில் விபூதி டப்பா இருந்தது. பக்திமான் என்று நம்பி ஒரு வருஷம் பிரசாதமாகக் கொண்டுவந்து கொடுத்தேன். "கோயிலுக்குப் போயி நாலு வருசம் ஆவுது சார். வெரலு வேர்க்குது, அதான்" என்றார் ஒருநாள். மூன்று கீபோர்டுகள் அவர் கையால் மோட்சம் அடைந்தன.

எங்கள் டிசைன் புரோகிராம் பழைய விண்டோஸில் மட்டும்தான் ஓடும். அந்தக் கம்ப்யூட்டரோ தினமும் இரண்டு முறை மயங்கி விழுந்தது. "ஆடி முடியறதுக்குள்ள லினக்ஸுக்கு மாத்துங்க. இல்லன்னா வெளியூர் சாஃப்ட்வேர் வாங்கிடறேன். டிசைனும் அவங்களே குடுத்துடுவாங்க" என்றார் முதலாளி. அப்படி நடந்தால் பதினோரு வருஷமாக எங்களுக்கு வரைந்த செல்விக்கு வேலை இல்லை. அவள் வரைந்த டிசைன்களையும் இனி யாரும் திறக்க முடியாது.

பிணைப்புக்காரர் பழையதையும் புதியதையும் அருகருகே ஓடவிட்டு, நாளுக்கு ஒரே ஒரு வேலையை மாற்றினார். ஒருநாள் கோடு போடுவது, மறுநாள் கலர் நிரப்புவது. எனக்குப் பொறுக்கவில்லை.

"மொத்தமா மாத்துப்பா, ஆடி ஓடுது" என்று கத்தினேன். அவரும் மொத்தமாக மாற்றித் தந்தார்.

செல்வி தன் மயில் டிசைனைத் திறந்தாள். மயில் ஒருபக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது.

"இன்னாண்ணா, மயிலு குடிச்சிருக்குதா?" என்று சிரித்தாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

"வரிக்கு ஒரு இழை தள்ளிக்கினே போவுதுமா. பழைய பாவ நான் மொத்தமா அறுத்திருக்கக் கூடாது" என்றார் அவர். அறுக்கச் சொன்னவன் நான். அதை அவர் சொல்லவேயில்லை.

மறுபடி முதலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிணைத்தார். ஒன்பதாம் நாள் காரணம் அகப்பட்டது. டிசைன் ஃபைலில் ஒவ்வொரு வரியும் முடிந்ததைக் காட்ட விண்டோஸ் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் வைக்கும். லினக்ஸுக்கு ஒன்றே போதும். மிஞ்சிய குறியை எங்கள் புரோகிராம் ஓர் இழையாக எண்ணிவிட்டது. ஆடிக் கடைசி வெள்ளியன்று மயில் எழுந்து நின்றது. செல்வி இன்றும் இங்கேதான் வரைகிறாள்.

அவர் இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறார். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. அவர் விட்டுப்போன நாலாவது கீபோர்டில்தான் இதைத் தட்டுகிறேன். பொத்தான்களின் இடுக்கில் விபூதி அப்படியே இருக்கிறது. துடைக்க மனசு வரவில்லை.