காரீயத்தில் மணி செய்த மாப்பிள்ளை

எடப்பாடி,
வெகுதானிய வருஷம் வைகாசி 14

சிரஞ்சீவி தம்பி பெரியசாமிக்கு அண்ணன் செங்கோட்டையன் ஆசீர்வாதம். இங்கே நானும் உன் அண்ணி செல்லாயியும் குழந்தை சௌந்திரமும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். நம் பஸ்ஸுக்குத்தான் உடம்பு சரியில்லை. கோயமுத்தூரில் நீயும் உன் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டும். நிற்க.

நீ பார்த்துச் சொன்ன பையன் சண்முகவேல் புதன்கிழமை காலை தன் தகப்பனாருடன் நம் சௌந்திரத்தைப் பெண் பார்க்க வந்தான். தகப்பனார் கையில் பழமும் பூவும் இருந்தன. பையன் கையில் கம்பளி சுற்றிய ஒரு கண்ணாடிக் குடுவை. பெங்களூரில் வேலை பார்க்கும் விஞ்ஞானக் கூடத்திலிருந்து ரயிலில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தானாம். உள்ளே என்ன தம்பி என்று கேட்டேன். "காத்துங்க" என்றான். காற்றைக் குளிரவைத்துக் குளிரவைத்துத் தண்ணீராக்கியதாம். எடப்பாடியில் காற்றுக்கு என்ன பஞ்சம் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

அடுத்து, என்ன உத்தியோகம் என்று கேட்டேன். அது நான் செய்த பிழை. "காரீயத்தோட பிஸ்மத்துன்னு ஒரு உலோகத்தை உருக்கிக் கலந்து குளிர வெப்பேனுங்க. அதுல மின்சாரம் எப்படி ஓடுது, கலவை வளையுதா ஒடையுதான்னு பாப்பேனுங்க. ஹாலந்து தேசத்துல இதைவிடப் பெரிய குளிர் செய்யறாங்க. அதுல காரீயத்தைப் போட்டா மின்சாரத்துக்குத் தடையே இல்லாமப் போயிருதுங்க. எங்ககிட்ட அந்தளவுக்குக் குளிர் இன்னும் வரலீங்க" என்றான். சம்பளம் வருகிறதா என்று உன் அண்ணி கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள். அது வருகிறதாம், குளிர்தான் வரவில்லையாம். சரி, இருக்கிற குளிரைக் காட்டுங்கள் என்றேன். அதற்கு ஒரு பேட்டரி வேண்டுமென்றான்.

அப்போது நம் பத்து மணி சங்ககிரி பஸ் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு நம் வாசலில்தான் நின்றது. டிரைவர் மாதையனைக் கூப்பிட்டு, அஞ்சு நிமிஷத்துக்குப் பேட்டரியைக் கழற்றிக் கொடு என்றேன். கால் மணி நேரத்தில் அந்தப் பதினான்கு பேரும் நம் கூடத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். கோர்ட்டு வாய்தாவுக்குப் போகிறவர் ஒருவர் பெண் வீட்டுப் பெரியவர் போல வெற்றிலையை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். ஆராயி என்கிற அம்மாள் மேச்சேரிக் கிடாய் ஒன்றையும் கையோடு கூட்டிவந்துவிட்டாள். பையன் ஒரு சின்ன பல்பையும், நீளமான காரீயக் கம்பிச் சுருளையும் பேட்டரியோடு இணைத்தான். பல்பு மினுக்கட்டாம்பூச்சி அளவுக்குத்தான் எரிந்தது. சுருளைக் குடுவைக்குள் இறக்கினான். வெள்ளைப் புகை வழிந்து தரையெல்லாம் ஓடியது, கிடாய் துள்ளிச் சமையற்கட்டுக்குள் பாய்ந்தது, பல்பு பளீரென்று எரிந்தது. பதினான்கு பேரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன் என்பதை எழுதாமல் விட்டால் பொய்யாகும்.

கிடாய் உள்ளே போன வழியாகச் சௌந்திரம் வெளியே வந்தாள். காபித் தட்டு இல்லை, தலை குனியவில்லை. நேராகக் குடுவைக்குப் பக்கத்தில் போய் நின்று, "தடையே இல்லீன்னா, ஒருக்கா ஓட உட்ட மின்சாரம் எப்பத்தானுங்க நிக்கும்?" என்று கேட்டாள். பையன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "வளையமாச் சுத்தி, குளிரை மட்டும் உடாம வெச்சிருந்தா, நிக்கவே நிக்காதுங்க" என்றான். அதற்கப்புறம் அவர்கள் இருவரும் பேசிய பேச்சில் எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. இதற்கு முன் வந்த இரண்டு பையன்களிடமும் இவள் வாயே திறக்காதவள் என்பது உனக்குத் தெரியும்.

பிறகு பையில் இருந்து காரீயத்தில் செய்த ஒரு சின்ன மணியை எடுத்தான். தட்டினால் மண்கட்டியைத் தட்டியது போல் சத்தம். குடுவைக்குள் முக்கி எடுத்துத் தட்டினான். கோயில் மணி போலக் கணீரென்றது. குளிரில் காரீயம் விறைத்துக்கொள்கிறதாம். நானும் அடித்துப் பார்த்தேன். பத்துப் பன்னிரண்டு தடவைக்கு மேல் அடிக்கவில்லை. உன் அண்ணி முப்பது என்கிறாள்.

நான் மணி அடித்துக்கொண்டிருந்தபோதுதான் மாதையன் குடுவையைக் காணாமல் செய்திருக்கிறான். சங்ககிரி மேட்டில் ரேடியேட்டர் எப்போதும் கொதிக்கும். இந்தக் குளிரை முன்கூட்டியே ஊற்றிவிட்டால் போகும்வரை கொதிக்காது என்பது அவன் யோசனை. ஊற்றினான். ஊரே கேட்கும்படி ஒரு சத்தம். பஸ்ஸே மறையும்படி புகை. புகை விலகியபோது ரேடியேட்டரில் ஈயம் உருக்கிப் பற்று வைத்த இடமெல்லாம் விரிசல் விட்டுத் தண்ணீர் தெருவில் ஓடியது. பையன் ஓடிவந்தான். மன்னிப்புக் கேட்கத்தான் வருகிறான் என்று நினைத்தேன். அவன் பூதக்கண்ணாடியை எடுத்து வெடித்த பற்றைப் பார்த்துவிட்டு, "இதுல வெள்ளீயம் சாஸ்தி கலந்திருக்குமுங்க மாமா. அதுதான் குளிருக்கு நொறுங்கிருச்சு. துளி சுரண்டி எடுத்துக்கட்டுங்களா?" என்றான். காகிதம் மடித்துக் கொடுத்தது சௌந்திரம்.

ஆகையால் தம்பி, நீயே அவர்களுக்குப் பக்குவமாக எழுதி, இந்தச் சம்பந்தம் நமக்கு ஒத்துவராது என்று சொல்லிவிடு. இல்லாத குளிரைத் தேடி அலைகிறவன் கையில் ஒரே பெண்ணைக் கொடுத்துவிட்டு நான் எப்படி நிம்மதியாக இருப்பேன்? இதில் என் மனம் மாறாது. உன் வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். மாரியம்மன் உங்களை ஒரு குறையுமின்றிக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
செங்கோட்டையன்

பி.கு.: உறையை ஒட்டுவதற்கு முன் சௌந்திரம் இதை வாங்கி முழுக்கப் படித்தாள். "எல்லாஞ் சரியாத்தான் எழுதியிருக்கறீங்கப்பா. என்னைய மட்டும் ஒரு வார்த்தை கேக்காம உட்டுட்டீங்க" என்றாள். கேட்டேன். ஆவணி பதினொன்றில் முகூர்த்தம். நான்கு நாள் முன்னதாகவே குடும்பத்தோடு வந்துவிடு. மேலே உள்ளதை யாருக்கும் வாசித்துக் காட்டாதே. வீட்டில் வேறு தாள் இல்லாததால்தான் இதையே அனுப்புகிறேன்.