பன்னெண்டு போட்ட நிழல்

கூர்முனை என்கிற ஒன்றையே உலகத்திலிருந்து ஒழித்துவிட வேண்டும் என்று கங்கணம் கட்டிப் பிறந்தவன் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஒருவன்தான். வெப்சைட் செய்து கொடுப்பது தொழில். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. வெப்சைட்டில் வருகிற பெட்டிகளின் முனையை எத்தனை பிக்சல் மழுக்கணும் என்று எப்போது கேட்டாலும் "பன்னெண்டு" என்பான். அதுவே பெயராகிவிட்டது.

நான் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன். தோவாளைச் சந்தையில் பூக்கூடை சுமந்து மேலே வந்தவன். இன்று நான் அனுப்புகிற பூவில்தான் பாதிக் கேரளம் ஓணத்துக்கு அத்தப்பூக்கோலம் போடுகிறது. மீதிப் பாதி ஏமாந்து போகிறது. அப்பேர்ப்பட்ட கடைக்கு வெப்சைட் வேண்டாமா? நாகர்கோவிலிலிருந்து பன்னெண்டை வரவழைத்தேன்.

வந்ததும் விசிட்டிங் கார்டை நீட்டினான். நாலு முனையும் கத்திரியால் வெட்டி உருட்டியிருந்தது. கல்யாணப் பந்தியில் வாழையிலையையும் இப்படி வெட்டியிருக்கிறான். உப்பு வைக்க வந்தவர் மூலையைத் தேடித் திகைத்து நின்றதை நானே பார்த்தேன். இட்லியை மட்டும் கையெடுத்துக் கும்பிடுவான்.

"இதுக்கு முனைய அம்பது சதவீதம் மழுக்கியிருக்கு அண்ணாச்சி, முழு வட்டம். முனைன்னு ஒண்ணே இல்ல."

அவன் எழுதுவதற்குப் பெயர் சி.எஸ்.எஸ். ஒரு வரி எழுதினான், பெட்டியின் முனைகள் மழுங்கின. இன்னொரு வரி எழுதினான், கீழே நிழல் விழுந்து பெட்டி திரையை விட்டு எழும்பி நின்றது. அந்த நிழல் எவ்வளவு தள்ளி விழணும், எவ்வளவு மங்கணும் என்று பார்க்க, என் பிச்சிப்பூக் கூடையை வெயிலில் வைத்துக்கொண்டு ஒரு காலை முழுக்கக் குத்தவைத்திருந்தான். பூ வாடியது. அவனுக்குத் திருப்தி.

"ஏலே, நிழல் மங்கலா கெடக்கு. நல்லா கறுப்பா போடு."

"அது நிழல் இல்ல அண்ணாச்சி, கரி."

என்னிடம் இப்படிப் பேச இந்த மாவட்டத்தில் வேறு ஆள் கிடையாது.

கடைசியில் என் படம். தங்கக்கரை, மழுக்கிய முனை, கனத்த நிழல், சுற்றிலும், பூவை மாணிக்கக் கல் போல மடித்துக் கட்டுகிற எங்கள் ஊருக்கே உரிய மாணிக்க மாலை. யோசனை என்னுடையது. பன்னெண்டு கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"உங்க படத்துக்கு மட்டும் வேண்டாம் அண்ணாச்சி."

"ஏன்?"

"வேண்டாம்."

"மாலையப் பத்தி எனக்கே சொல்லித் தாறியா? போடுடே!"

முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டான்.

ஓணப் பூ புறப்பட மூன்று நாள் இருக்கும்போது, அருமனையிலிருந்து பழைய வாடிக்கைக்காரர் போன் செய்தார்.

"அண்ணாச்சி எப்ப மரிச்சாரு?"

"நான்தான் பேசுகேன் வே!"

"மூத்த மகனா? அப்பாவுக்க குரல் அப்படியே இருக்கு. வெப்சைட்ல மாலை போட்ட படத்தப் பாத்தோம். வீட்டுல தீட்டு இருக்குமில்லா? கோயில் பூவ இந்த வருசம் வேற எடத்துல எடுத்துக்கிடுகோம்."

மத்தியானத்துக்குள் ஏழு பேர் என்னை வழியனுப்பி வைத்தார்கள். ஏழு பேரின் ஓணமும் எதிர்க்கடைக்கு நகர்ந்தது. எதிர்க்கடைக்காரரே மாலையோடு துக்கம் கேட்க வந்தார். என்னைப் பார்த்ததும் மாலையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

நான் போன் போட்டதும் பன்னெண்டு பஸ் பிடித்து ஓடி வந்தான். நிழலை அழித்தான், மாலையை அழித்தான். பிறகு செல்போனை என் முகத்துக்கு நேரே பிடித்தான்.

"ஏசுங்க அண்ணாச்சி."

"யார?"

"என்னத்தான். நெஞ்சத் தொறந்து ஏசுங்க."

ஒரு நிமிடம் ஏசினேன். வஞ்சகமே வைக்கவில்லை. அந்த வீடியோவை அப்படியே வெப்சைட்டின் உச்சியில் ஏற்றிவிட்டான். சாயங்காலம் அருமனை மறுபடி கூப்பிட்டது.

"ஏச்சக் கேட்டோம். அண்ணாச்சியேதான். பூவ அனுப்புங்க."

எல்லாம் அடங்கிய பிறகு அவனுக்கு இட்லி வாங்கி வைத்துவிட்டுக் கேட்டேன். "செத்தவன் படம் மாதிரி இருக்குன்னு அன்னைக்கே சொல்லுகதுக்கு என்ன மக்கா?"

"வாயில வரல்ல அண்ணாச்சி" என்றான், இட்லியைப் பார்த்துக்கொண்டு.

இன்றும் அந்தப் பக்கத்தில் ரோஜா, கேந்தி, அரளி எல்லாம் முனை மழுங்கிய பெட்டிகளில் நிழலோடு எழும்பி நிற்கின்றன. என் படம் மட்டும் நிழலில்லாமல், நாலு முனையும் கூராக இருக்கிறது. கூர்முனையைக் கண்டால் சோறு இறங்காத பயல், எனக்காக நாலைச் சகித்துக்கொண்டிருக்கிறான்.