அம்மாவை அழைத்துவர ஒரு ஹிட்ச்

கார் வாங்கிய மனிதனால் முதல் ஆறு மாதத்துக்கு யாருக்கும் தொந்தரவு இல்லை. வண்டியைத் துடைப்பான், வாசனை பாட்டில் தொங்கவிடுவான், யாராவது கதவை ஓங்கிச் சாத்தினால் முகம் சுளிப்பான், அவ்வளவுதான். அதற்கப்புறம்தான் ஆபத்து. இன்னும் இதில் என்னத்தை மாட்டலாம் என்று கை அரிக்க ஆரம்பிக்கும். சிலர் ஸ்பீக்கர் மாட்டுவார்கள். நான் டிரெய்லர் ஹிட்ச் மாட்டினேன். வண்டியின் பின்னால் சேஸியோடு சேர்த்து முடுக்கி, அதில் டிரெய்லரைக் கோத்து இழுத்துப் போவதற்கான இரும்புச் சாமான் அது. அன்றுவரை நான் எதையும் இழுத்ததில்லை. (வம்பைத் தவிர, என்கிறாள் என் மனைவி கல்பனா.)

எங்கள் வீடு காளிகாட்டில் ஒரு சந்துக்குள் இருக்கிறது. அப்பா துறைமுக வேலையில் மாற்றலாகித் திருநெல்வேலியிலிருந்து கொல்கத்தா வந்தவர். அவர் காலமான பிறகும் அம்மா இந்தச் சந்தை விட்டு நகரவில்லை. நானும் கிடர்பூரில் துறைமுகம் சார்ந்த ஒரு அலுவலகத்தில்தான் கோப்பு தள்ளுகிறேன். கல்பனா இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண். தமிழில் ஆரம்பித்து வங்காளத்தில் கோபப்படுவாள்.

சந்தில் வருடா வருடம் துர்கா பூஜை உண்டு. நான் பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன், இவர்களைவிட நன்றாக மீன் முள் எடுப்பேன். ஆனாலும் பூஜைக் கமிட்டியில் எனக்கு ஒரே வேலைதான்: இட்லிக் கடை. மற்றவர்கள் பந்தல் போடுவார்கள், விளக்கு போடுவார்கள், சண்டை போடுவார்கள். நான் சட்னி ஊற்றுவேன். கமிட்டித் தலைவர் ஷ்யாமல்தா (தா என்றால் அண்ணன்) ஓய்வுபெற்ற கல்லூரி வாத்தியார். கடவுள் இல்லை என்று உறுதியாக நம்புபவர். பூஜையை ஒரு குறையில்லாமல் நடத்துபவரும் அவர்தான். இந்த ஊரில் இரண்டும் ஒரே ஆளுக்குள் சௌகரியமாகக் குடியிருக்கும்.

அந்த வருடம் சந்து முனையில் குழாய்க்குப் பள்ளம் தோண்டிப் பாதி மூடிவிட்டுப் போயிருந்தார்கள். வழக்கமாகச் சிலை கொண்டுவரும் லாரி உள்ளே நுழையாது. சிலை செய்கிற குமார்டுலியிலிருந்து அம்மனை எப்படிக் கொண்டுவருவது என்று கூட்டத்தில் ஒரே விவாதம். நான் எழுந்தேன். என் எஸ்யூவியில் ஹிட்ச் போடுகிறேன், பந்தல்காரர் ஜெனரேட்டர் ஏற்றுகிற சின்ன டிரெய்லரைத் தரட்டும், சிலையை நானே இழுத்து வருகிறேன் என்றேன்.

ஷ்யாமல்தா மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். என் பெயர் கணேசன். வங்காளிகள் வாயில் கொனேஷ், துர்கையின் பிள்ளைக்கும் அதே பெயர்தான்.

"சரிதான்," என்றார் (அவர் பேசியதெல்லாம் வங்காளத்தில், இங்கே தமிழில் தருகிறேன்). "அம்மாவைப் பிறந்த வீட்டுக்கு அழைச்சிட்டு வர கொனேஷைவிடப் பொருத்தமான ஆள் யாரு?"

எல்லோரும் கைதட்டினார்கள். சட்னிக் கரண்டியிலிருந்து விடுதலை! இதைச் சரியாகச் செய்துவிட்டால் இந்தச் சந்தில் நான் முழு ஆள். சொதப்பினால் சாகும்வரை இட்லிதான்.

அந்த வாரம் முழுக்க வீடியோ பார்த்தேன். அமெரிக்காவில் ஒருவர் படகு இழுக்கிறார், இன்னொருவர் குதிரைகளை இழுக்கிறார், ஒருவர் வீட்டையே இழுக்கிறார். சுமை டிரெய்லரின் முன்பக்கம் அழுந்த வேண்டும், பின்பக்கம் ஏறினால் மூக்கு தூக்கிக்கொள்ளும். பாதுகாப்புச் சங்கிலி கட்டாயம் மாட்ட வேண்டும். இதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில் கல்பனாவுக்கு வகுப்பெடுத்தேன்.

உதிரிபாகக் கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று, வேலை முடிந்ததும் டிரெய்லரைக் கோக்கிற குண்டைக் கழற்றி உள்ளே வைத்துக்கொள்ளலாம். கறுப்பு, பார்க்க அசமந்தம். இன்னொன்று நிரந்தரமாக வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். குட்டையான கழுத்தின் மேல் உருண்டையாக, குரோமியம் பூசி, முகம் பார்க்கலாம் போல் மின்னியது.

"கழட்டுற மாதிரி இருக்கறதே வாங்கு," என்றாள் கல்பனா. "வருஷத்துக்கு ஒரு தடவை வேலை. மிச்ச நாளெல்லாம் எதுக்கு வெளியே நீட்டிட்டு நிக்கணும்? போறவன் வர்றவன் முட்டி உடையும்."

"உனக்கு இதெல்லாம் தெரியாது," என்றேன். (இந்த வாக்கியத்தைச் சொல்லிவிட்டு நன்றாயிருந்த கணவன் எவனும் இல்லை.) மின்னுவதையே மாட்டச் சொன்னேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தாம்பாளத்தோடு இறங்கி வந்தாள். புதுச் சாமான் எது வந்தாலும் விபூதி, சந்தனம், குங்குமம், பூ. மிக்சி வந்தபோதும் இதேதான். நான் எலுமிச்சம்பழத்தை டயருக்கடியில் வைத்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் போன அம்மா அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏல கணேசா, இது சிவலிங்கம் மாதிரில்லா இருக்கு!"

எட்டிப் பார்த்தேன். இருந்தது. அம்மா அதன்மேல் மூன்று விரலால் விபூதிப் பட்டை போட்டு, நடுவில் ஒரு பொட்டு வைத்து, தலையில் செம்பருத்தி சாத்திய பிறகு அது லிங்கம் மாதிரி இல்லை, லிங்கமேதான். கல்பனா நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

வண்டியைச் சந்து ஓரத்தில், பின்பக்கம் தெருவைப் பார்க்க நிறுத்தியிருந்தேன். அந்தத் தெரு வழியாகத்தான் காளி கோயிலுக்குப் போகிற கூட்டம் நடக்கும். மறுநாள் காலையில் பம்பர் இடுக்கில் ஊதுபத்தி புகைந்துகொண்டிருந்தது. லிங்கத்தின் தலையில் வில்வ இலை. எதிர்வீட்டுக் காகிமா (சித்தி முறை வைத்து நாங்கள் கூப்பிடும் அம்மாள்) குளித்து ஈரத்தலையோடு செம்பில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். திங்கட்கிழமை பால் ஊற்றினார்கள். நான் அலுவலகம் போக வண்டியை எடுத்தால், "பாபாவை எங்கே கூட்டிட்டுப் போறே?" என்று கேட்டார்கள் (பாபா என்றால் அப்பா, சிவனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவார்கள்). பஸ்ஸில் போக ஆரம்பித்தேன்.

அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. என் வண்டிக்கு ஊரில் எவ்வளவு மரியாதை என்று உள்ளூர மகிழ்ந்துகொண்டிருந்தேன்.

சிலை கொண்டுவரும் நாள் வந்தது. பந்தல்காரர் டிரெய்லரைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினார். அதன் மூக்கில் கவிழ்த்த கிண்ணம் போல ஒரு இரும்புப் பூட்டு இருக்கும். அதை ஹிட்ச் குண்டின்மேல் கவிழ்த்து, கொக்கியை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும். நான் சட்டைக் கையை மடித்துவிட்டுக் கிண்ணத்தைத் தூக்கினேன்.

"ஏல! நில்லு!" மாடியிலிருந்து அம்மா அலறினாள். "சாமி தலையில இரும்புச் சட்டியக் கவுக்கப் போறியே, வெளங்குவியா நீ?"

"அம்மா, இது ஹிட்சும்மா. இதுக்குத்தான் வாங்கினது."

"வாங்கும்போது ஹிட்சு. இப்ப சாமி. இத்தன நாளு பாலு ஊத்துனதெல்லாம் யாருக்குங்கேன்?"

காகிமா பால்கனியிலிருந்து, "கொனேஷ், பாவம் சேரும்!" என்றாள். சந்தே கூடிவிட்டது. நான் ஷ்யாமல்தாவைப் பார்த்தேன். நாத்திகர், எனக்கிருந்த ஒரே நம்பிக்கை.

"இது ஒரு இரும்புத் துண்டு," என்று கம்பீரமாக முன்னால் வந்தார். குனிந்து பார்த்தார். விபூதி, வில்வம், பொட்டு. அவர் கை தன்னால் நெற்றிக்குப் போய் இறங்கியது. "ஆனாலும்... ஜனங்களோட உணர்ச்சின்னு ஒண்ணு இருக்கே, கொனேஷ்."

பஞ்சாயத்து நீண்டது. கடைசியில் அம்மாவே இறங்கி வந்தாள். சாமி தலையில் பட்டுத்துணியால் பரிவட்டம் கட்டிவிட்டு, அதன்மேல் சட்டியைக் கவிழ்க்கலாம். அப்போது அது சட்டி இல்லையாம், கிரீடமாம். தன் பட்டுப்புடவைத் துண்டு ஒன்றை நாலாக மடித்து அம்மாவே கட்டினாள். நான் கிண்ணத்தைக் கவிழ்த்துக் கொக்கியை அழுத்தினேன். பாதிதான் இறங்கியது. இன்னும் அழுத்தினேன். 'டக்' என்று ஏதோ சத்தம் கேட்டது. பூட்டிக்கொண்டது என்று முடிவு செய்தேன். சங்கிலி எங்கே என்று கல்பனா கேட்டாள். அட்டைப்பெட்டியில் பத்திரமாக இருந்தது. திரும்பி வரும்போது மாட்டிக்கொள்ளலாம், இப்போது காலி டிரெய்லர்தானே என்றேன்.

காலி டிரெய்லரில் ஷ்யாமல்தா ஏறிக்கொண்டார். டாக் என்கிற வங்காளப் பெருமேளம் அடிக்க வந்திருந்த இருவரும் மேளத்தோடு ஏறினார்கள். மூன்று பேரும் சௌகரியமாகப் பின்பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். சுமை எங்கே இருக்கக் கூடாது என்று ஒரு வாரம் வகுப்பெடுத்த நான் அதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே சீட்டில் ஏறினேன். மேளம் முழங்க, காகிமாக்கள் குலவையிட, வண்டி புறப்பட்டது.

சந்து முனைப் பள்ளத்தில் வண்டி ஒரு குலுங்கு குலுங்கியது. அதன் பிறகு வண்டி பறவையாய்ப் பறந்தது. டிரெய்லர் இழுப்பதே தெரியவில்லை, என்ன தரமான ஹிட்ச் என்று வியந்தேன். மேளச் சத்தம் குறைந்தது. களைத்துவிட்டார்கள் போல, பாவம் என்று நினைத்துக்கொண்டேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. வண்டி ஓட்டும்போது போன் எடுக்கக் கூடாது என்ற ஒழுக்கம் அன்றைக்கென்று எனக்கு வந்திருந்தது.

குமார்டுலியில் இறங்கி, "ஷ்யாமல்தா, வந்தாச்சு!" என்று பின்பக்கம் போனேன். அங்கே பட்டுப் பரிவட்டத்தோடு சிவபெருமான் மட்டும் இருந்தார். டிரெய்லர் இல்லை, மேளம் இல்லை, கமிட்டித் தலைவர் இல்லை.

சிலைக்காரர் வெளியே வந்து எட்டிப் பார்த்தார். "சிலை ஏத்துற வண்டி எங்கே?"

உள்ளே அம்மன் தயாராக நின்றாள். பக்கத்தில் என் பெயர்க்காரர் தும்பிக்கையை மடித்துக்கொண்டு என்னையே பார்த்தார். எனக்கு நிஜமாகவே கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரே ஒரு வேலை. வாழ்நாளில் ஒருமுறை நம்பிக் கொடுத்த வேலை. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை எல்லோருக்கும் தெரியும். இங்கே பிள்ளையாரே குரங்காகி நின்றார்.

டாக்ஸி ஒன்று வந்து நின்றது. மேளக்காரர்கள் இறங்கினார்கள். பிறகு ஷ்யாமல்தா இறங்கினார். வேட்டியில் முழங்கால்வரை பள்ளத்துச் சேறு. டிரெய்லர் மூக்கைத் தூக்கி, மூவரையும் பின்பக்கமாக மெதுவாகப் பள்ளத்தில் இறக்கிவிட்டதாம். அடி ஒன்றும் இல்லை. மானம்தான் சேறாகிவிட்டது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். திட்டு விழும் என்று காத்திருந்தேன். நிமிர்ந்து பார்த்தால், அவர் என் வண்டியின் பின்னால் நின்று ஹிட்சையே பார்த்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். நாத்திகர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"அடேய் கொனேஷ்! அம்மாவை அழைச்சிட்டு வாடான்னு அனுப்பினா, அப்பாவைக் கூட்டிட்டு வந்து நிக்கிறியே!"

இங்கே வங்காளத்துக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும். துர்கை பிள்ளைகளோடுதான் பிறந்த வீடு வருவாள். சிவன் கைலாசத்திலேயே இருந்துவிடுவார். சிலைக்கு மேலே சின்னப் படமாக எட்டிப் பார்ப்பதோடு சரி. அந்த வருடம் மட்டும் அவள் ஒரு மூன்று சக்கர மிதிவண்டி வேனில் முன்னே போக, சந்து ஆட்கள் மெட்ரோவில் வந்து சேர்ந்து தள்ள, பின்னாலேயே நடை வேகத்தில் என் எஸ்யூவி ஊர்ந்தது. அதற்கும் பின்னால் பட்டுப் பரிவட்டத்தோடு வீட்டுக்காரர். வழியெல்லாம் ஷ்யாமல்தா இதை எல்லோருக்கும் விளக்கிக்கொண்டே வந்தார். சந்துக்குள் நுழைந்ததும் காகிமா எல்லாவற்றையும் மறந்து, "மாப்பிள்ளையும் வந்துட்டாரு!" என்று குலவையிட்டாள்.

வண்டியைப் பிற்பாடு விற்றுவிட்டேன். வாங்கியவர் ஹிட்ச் வேண்டாம் என்றார். பழைய இரும்புக்குப் போட அம்மா விடவில்லை. இப்போது அது சந்து முனையில் அரசமரத்தடியில், வெள்ளை டைல்ஸ் ஒட்டிய மேடையில் இருக்கிறது. சந்தில் அதற்குப் பெயர் 'கொனேஷின் அப்பா'. கூரியர்காரர்களுக்கு கல்பனா வழி சொல்லும்போது, "கொனேஷோட அப்பாகிட்ட வந்து லெஃப்ட்" என்றுதான் சொல்கிறாள். அம்மா தினமும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டு, "மகன் மாட்டிவிட்டான், என்ன செய்ய, இருந்துக்கிடுங்க" என்று அவரைச் சமாதானம் செய்துவிட்டு வருவாள்.

நான் இட்லிக் கடைக்கே திரும்பிவிட்டேன். ஆனால் கமிட்டியில் எனக்கென்று இன்னொரு வேலையும் நிரந்தரமாகக் கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் சிலை பந்தலில் ஏறியதும் மேளம் நிற்கும். ஷ்யாமல்தா எல்லோருக்கும் கேட்கும்படி, "கொனேஷ், போய்ச் சொல்லு" என்பார். நான் சட்னிக் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சந்தே பார்த்துச் சிரிக்க, அரசமரத்தடிக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருவேன்: "அப்பா, அம்மா வந்தாச்சு."